தராசுக்கு மூன்றடி

எழுபதுகளின் நடுவில், பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே நான் கொழுந்து பறித்த எஸ்டேட்டுக்கு வடக்கிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்தார். வந்த மாதமே பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் நாங்கள் பேர் கொடுக்கும் இடத்தில், ஒரு சிவப்புப் பெட்டியை மாட்டினார். வேலையைச் சுலபமாக்க யாருக்கு என்ன யோசனை தோன்றினாலும் எழுதிப் போடலாம், பேர்கூடப் போட வேண்டியதில்லை என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் காரியத்தைக் கெடுத்தது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களில் பேரில்லாத கடிதம் என்றால் மொட்டைக் கடுதாசி. அடுத்தவர் பிழைப்பைக் கெடுக்க எழுதுவது. பெட்டிப் பக்கம் நடந்தாலே கோள் மூட்டிய பேர் வந்துவிடும் என்று தண்ணீர்க் குழாய்க்குக்கூடச் சுற்றிக்கொண்டு போனோம். ஆபீஸில் இருந்த மலையாளிக் குமாஸ்தாக்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. மனு எழுதுவது அவர்களுக்குக் காப்பி குடிக்கிற மாதிரி. நாற்காலி, பத்திரிகை, ஓணத்துக்குக் கூடுதல் லீவு என்று பெட்டியை நிரப்பினார்கள்.

சனிக்கிழமை பெட்டியைத் திறந்த மேனேஜர், தோட்டத்து ஆட்கள் ஏன் எழுதவில்லை என்று கேட்டார். அவர்களுக்கு யோசனை எதுவும் கிடையாது என்று பெரிய குமாஸ்தா எங்கள் காதுபடச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. எடைக் கொட்டகை சின்னது, பின்பக்கம் சுவர் கிடையாது. தராசு முன்வாசலில் தொங்கும். கங்காணி கூரைக்குள் நின்று எடை பார்ப்பார், நாங்கள் கூடையோடு மழையில் நிற்போம். எனக்கு அப்போது ஆறு மாதம். முதல் பிள்ளை அப்படியொரு மழைக்காலத்தில்தான் தங்காமல் போனது. உள்ளுக்குள் பயந்து செத்தேன்.

திங்கட்கிழமை காலை, எல்லார் கண் முன்னாலும், பேர் போட்டே எழுதிய காகிதத்தைப் பெட்டியில் போட்டேன்.

அன்றோடு லயமே திருந்திவிட்டது. ஒரு வருஷமாகக் காணாமல் போயிருந்த என் சல்லடையைப் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்தாள். என் மாமியார் எனக்கு முதலில் சோறு போட்டார். பெரட்டுக்குப் பிந்தியே வரும் கங்காணி, சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து நின்றார். தராசைப் பற்றித்தான் எழுதினேன் என்று சத்தியம் செய்தும் ஒருவரும் நம்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெரிய குமாஸ்தா என் காகிதத்தை எழுத்துக்கூட்டி எல்லாருக்கும் வாசித்தார். தராசை மூன்றடி உள்ளே தள்ளி மாட்டினால் மழையில் நனைய மாட்டோம் என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான். மேனேஜர் அப்போதே தச்சரைக் கூப்பிட்டனுப்பினார். கங்காணிக்கு முகம் தொங்கிப் போனது.

"இதுக்காகவா புள்ள ஒரு வாரமா வெள்ளன எந்திரிச்சேன்?"

திங்கட்கிழமை அவர் பழையபடி பிந்தி வந்தார். சல்லடையும் மறுபடி காணாமல் போனது. ஆனால் சாயங்காலம் மழை கொட்டியபோது நாங்கள் கூரைக்குள் நின்றோம். என் முதுகு காய்ந்திருந்தது. அழுகை வந்துவிட்டது. தராசு உள்ளே வந்ததில் கங்காணிதான் பின்பக்கத்து ஓரத்துக்குப் போயிருந்தார். கூரைத் தண்ணீர் நேராக அவர் தோளில் இறங்கியது. எடைச் சீட்டை நீட்டும்போது குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்புள்ள, பின்னால ரெண்டடி தகரம் வேணும்னு எழுதிப் போடேன். பேரு என் பேரையே போட்டுக்க."