செருப்பு வாங்காத மாதம்

வரதய்யபாளையத்துக்கு வந்த முதல் வாரத்தில், கேழ்வரகை எடுத்துக்கொண்டு மாவு மிஷினுக்குப் போனேன். அரைத்துக் கொடுத்தவர் பையை என் பக்கம் தள்ளிவிட்டு "அரவை" என்றார். ஆமாம், அரவைதான், கூலி எவ்வளவு என்று கேட்டேன். மறுபடியும் "அரவை" என்றார். நான் தலையாட்டினேன். கடைசியில் அவர் ஒரு கையை முழுதாக விரித்து, இன்னொரு கையில் ஒரு விரலை நீட்டி, பத்து ரூபாய் நோட்டு ஒன்றையும் காட்டினார். தெலுங்கில் அறுபதுக்கு அரவை என்று பெயர். கடல் தாண்டிப் போனவர்கள் எழுதுவதைப் படித்திருக்கிறேன். நான் தாண்டியது ஆந்திர எல்லையில் ஒரு சோதனைச்சாவடியை மட்டும்தான். செய்யாற்றுப் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து அரை நாள் பஸ் பயணம். அதற்குள் எண்களே வேறாகிவிட்டன.

ஊரைவிட்டு வந்ததற்குக் காரணம் வறட்சி இல்லை, எங்கள் கைதான். மகள் கௌரியின் மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம் பிடித்தோம், பேனர் வைத்தோம், வாசலில் ஒரு மேளக்கூட்டத்தை நிறுத்தினோம். அந்தச் செலவை அடைக்க, வீடு கட்டுவதற்கு வைத்திருந்த மனையை விற்றோம். ஊரில் சிக்கனமாக இருப்பது சுலபமில்லை. கல்யாணத்துக்குப் பழைய புடவையில் போனால் நான்கு பேர் கேட்பார்கள், மொய் குறைந்தால் நாற்பது பேர் பேசுவார்கள். இங்கே எங்களைப் பார்க்க யாரும் இல்லை. கௌரியை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். என் கணவர் ஏழுமலை பக்கத்தில் உள்ள ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு குடோனில் தினக்கூலிக்குப் பெட்டி ஏற்றி இறக்கினார். நான் தொழிலாளர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி போட்டேன். பன்னிரண்டாவது முடித்ததும் கௌரியை நர்சிங் சேர்ப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

மெஸ்ஸை நடத்தும் ரமணம்மாவுக்கு என் வயதுதான். முதல் சம்பளத்தை என் கையில் வைத்தபோது, "முந்து பக்கன பெட்டு, தர்வாத கர்ச்சு பெட்டு" என்றாள். முதலில் ஒதுக்கி வை, பிறகு செலவு செய் என்பது பொருள். அன்றுவரை நாங்கள் செலவு செய்து மிஞ்சியதைத்தான் சேமிப்பு என்று நினைத்திருந்தோம், எதுவும் மிஞ்சியதில்லை. மறுநாளே தபால் ஆபீஸில் கணக்குத் தொடங்கினேன். அதன் பிறகு எனக்கு அதில் ஒரு வெறியே வந்துவிட்டது. கடையில் விற்கும் மாவுப் பொட்டலம் நின்றது. மீன் மாதத்துக்கு ஒருமுறை என்றானது. எதை வாங்க ஆசைப்பட்டாலும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும், அப்போதும் அது வேண்டும் என்று தோன்றினால்தான் வாங்கலாம் என்று ஒரு சட்டம் போட்டேன். பெரும்பாலான ஆசைகள் பத்து நாளில் மறந்துபோயின. எனக்கு அது வெற்றியாக இருந்தது.

ஏழுமலைக்கு ஒரே ஒரு பழக்கம்தான் இருந்தது. வேலை முடிந்ததும் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருவார். எங்கள் பக்கத்து ஆட்கள் நான்கைந்து பேர் அங்கே வருவார்கள். டீயும் பன்னும் சேர்ந்து மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒருநாள் சொல்லிக் காட்டினேன். வீட்டிலேயே டீ போட்டுத் தருகிறேனே என்றேன். அவர் கோபப்படவில்லை. மறுநாளிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். அரை மணி நேரம் முன்னால் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

இரண்டாவது வருடம் மாசியில், செருப்பு தேய்ந்துவிட்டது என்றார். அடியைத் திருப்பிக் காட்டினார். குதிகால் பக்கம் தாள் போல இருந்தது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அடுத்த மாதம் அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஊரில் இருந்தபோது ஒரு துண்டுக்குக்கூடக் கடைத்தெரு முழுக்க அலைகிற மனிதர் இப்படி மாறிவிட்டாரே என்று அக்காவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

வெயில் ஏறிய பிறகும் அவர் சாக்ஸ் போட்டுக்கொண்டு இருந்தார். கேட்டதற்கு, பாதம் வெடித்திருக்கிறது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாக்ஸைத் துவைக்க எடுத்தபோது கையில் பிசுபிசுத்தது, நாறியது. காலைக் காட்டச் சொன்னேன். காட்ட மறுத்தார். பிடித்து இழுத்துப் பார்த்தால் குதிகாலில் எட்டணா அகலத்துக்குப் பள்ளம், சுற்றிலும் கறுப்பு. குடோனில் மரப்பலகையின் ஆணி செருப்பைத் துளைத்து ஏறியிருக்கிறது. அவருக்குச் சர்க்கரை இருந்ததால் வலி தெரியவில்லை. மூன்று வாரமாக மஞ்சளும் பழைய துணியும்தான் வைத்தியம். சர்க்கரைக்கு இரண்டு வேளை போட வேண்டிய மாத்திரையை, ஒரு பட்டை இரண்டு மடங்கு நாள் வரட்டும் என்று ஒரு வேளையாகக் குறைத்திருந்ததும் அன்றுதான் தெரிந்தது.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ அவ்ளோ ஆசையா சேத்துக்கினு இருந்தே. அதுல கை வெக்க எனக்கு மனசு வரல."

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எங்கள் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டுடையது, இங்கே செல்லாது. ஊருக்குப் போய்ச் சேர நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். காலையில் ஒரு நர்ஸ் "எக்ஸ்ரே தீயாலி" என்று அழைத்துப்போனாள். தீயாலி என்றால் எடுக்க வேண்டும் என்று அப்போது கற்றுக்கொண்டேன். மத்தியானம் டாக்டர் வந்து காலைத் தொட்டுப் பார்த்தார். என்னைத் தனியாக அழைத்து, "காலு தீசேயாலம்மா" என்றார். இன்னொரு படம் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து, "தீயண்டி சார்", எடுங்கள் சார், என்றேன். நான் சிரித்தபடிதான் சொல்லியிருக்க வேண்டும்.  அவர் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டார்.

அந்த ஊழியர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, சார் படத்த சொல்லல. முட்டிக்குக் கீழ கால எடுத்துடணும்றாரு."

ஒப்புதல் படிவத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடச் சேமிப்பு பதினோரு நாளில் முடிந்தது. பணம் தீர்ந்ததற்காக நான் அழவில்லை. இதற்குத்தானே சேர்த்தாய் என்று ஆறுதல் சொன்னவர்கள் இருக்கிறார்கள். இல்லை. ஆணி குத்திய மறுநாளே போயிருந்தால் ஒரு ஊசியும் கட்டும்தான். அதற்கும் முன்னால் ஒரு செருப்பு.

யோசிக்க யோசிக்க டீக்கடைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே போய்க்கொண்டிருந்திருந்தால், எங்கள் ஆட்களில் ஒருவராவது, என்னா ஏழுமல, நொண்டிக்கினு வர்றே என்று கேட்டிருப்பார். எங்கள் செலவைப் பார்க்க இங்கே ஆள் இல்லை என்று மகிழ்ந்தேன். அவர் நடையைப் பார்க்கவும் ஆள் இல்லை. இருந்த ஒருத்தி பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்டிய காலை அடக்கம் செய்வதானால் எடுத்துப்போகலாம் என்றார்கள். அப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ரமணம்மா மெஸ்ஸுக்குக் காய்கறி ஏற்றும் வண்டியைக் கொண்டுவந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றியதை மடியில் வைத்துக்கொண்டு வரதய்யபாளையம்வரை வந்தேன். சுடுகாட்டு ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் குழி வெட்டச் சொன்னாள். எந்தத் திசையில் வைப்பது என்று குழி வெட்டியவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அவர் ஊரில், அக்கா வீட்டில் இருக்கிறார். கௌரி நர்சிங் சேரவில்லை, செய்யாற்றில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். உட்கார நாற்காலி கிடையாதாம். செயற்கைக் காலுக்காக நான் இங்கேயே இருக்கிறேன். சம்பளம் வந்ததும் முதலில் ஒதுக்கி வைக்கிறேன். அந்தப் பழக்கம் போகவில்லை. புலம்பெயர்ந்து வந்து மிச்சம் பிடிக்கும் உங்களிடம் சேமிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் வீட்டில் எதையும் கேட்காமல் இருப்பவரின் காலை ஒருமுறை பாருங்கள்.

போன வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் போன் செய்தார். கையெல்லாம் மாவு. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டேன். துன்னியா என்று கேட்டார்.  பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அங்க மழ பேயுதா? கால் சில்லுனு இருக்குது."

எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சுடுகாட்டுப் பக்கத்து வேப்பமரம் மெஸ் வாசலில் இருந்து தெரியாது. ஆனாலும் அந்தத் திசையில் திரும்பி நின்றேன்.

"ஆமா, தூறுது" என்றேன்.