நிறுத்தி எண்ணெய்

எங்கள் சிறு சுமையுந்து மலைச்சாலையில் நின்றுபோனதற்குப் பழுதுபார்ப்பவரே காரணம் என்று உறவினர் சிலர் இன்றும் பேசி வருகின்றனர். அவரோ எதிர்த்துப் பேசும் இயல்பினர் அல்லர். பிழை என்னுடையது. ஆகவே நடந்ததை நடந்தவாறே எழுதிவைக்கும் கடமையும் என்னுடையதே.

அவ்வுந்து பதினாறாண்டுப் பழையது. சிவகாசி அச்சகங்களுக்குத் தாள்கட்டு ஏற்றிச் செல்வதற்கென்று என் மகன் வைத்திருப்பது. எங்கள் பக்கத்துச் சமவெளிச் சாலைகளன்றி வேறெதனையும் அது கண்டதில்லை. நீலகிரியில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருந்த என் மகள் அப்போது ஆறு மாதக் கருவைச் சுமந்திருந்தாள். மருமகன் கடல்கடந்து பணியிலிருந்தார். மகளையும் அவள் வீட்டுப் பொருள்களையும் அவ்வுந்திலேயே ஏற்றிவருவதென்று மகன் முடிவு செய்தான். அன்று தொட்டு எனக்கு அச்சம் பற்றிக்கொண்டது. முன்மூடியைத் திறந்து பார்த்தேன். பிரேக்குக்கு உரிய எண்ணெய் நிற்கும் சிறு குப்பி கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. எத்தனை ஆண்டாக மாற்றவில்லை என்பது மகனுக்கும் தெரியவில்லை.

செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, ஆமத்தூர்ச் சாலையில் உள்ள பணிமனைக்கு உந்துடன் கொடுத்தனுப்பினேன். நாற்பதாண்டு தமிழ் கற்பித்த கை. பிறமொழிச் சொல் எழுத வராது. பேட்டரி, ஃபேன் பெல்ட், டயர்க் காற்று ஆகியவற்றை மின்கலம், விசிறிப்பட்டை, உருளிக்காற்று என்றே எழுதினேன். பிரேக் என்பதற்கு ‘நிறுத்தி’ என்று நானே ஆக்கி வழங்கி வந்த சொல் ஒன்று உண்டு. ‘நிறுத்தியெண்ணெய்’ என்று சேர்த்தெழுதுவதே முறை. படிப்பவருக்கு எளிதாகட்டும் என்று பிரித்து, ‘நிறுத்தி எண்ணெய் மாற்றுக’ என்று எழுதினேன்.

பழுதுபார்ப்பவர் அன்று தொலைபேசியில் அழைத்து, விசிறிப்பட்டை எது, உருளிக்காற்று எது என்று கேட்டுக்கொண்டார். பரீட்சைத்தாள் அனுப்பிவிட்டீர்களே என்று சிரிக்கவும் செய்தார். விளங்காத சொற்களைக் கேட்டாரேயன்றி, விளங்கியதாகத் தோன்றிய சொல்லை அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

உந்து திரும்பி வந்ததும் மகன் விடியலில் புறப்பட்டு அன்று மாலையே மலை சேர்ந்தான்; மறுநாள் காலை மகளுடன் இறங்குவதாக ஏற்பாடு. அந்த மறுநாள் பத்து மணியளவில், பழுதுபார்ப்பவர் ஒரு கேனுடன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“உங்க வண்டில வடிச்ச இன்ஜின் ஆயில்ங்கய்யா. போன மாசம் மாத்துனது, புதுசு கணக்கா இருக்கு. கொட்ட மனசு வரல. கதவுக் கீலுக்கு ஆகும்.”

அதை ஏன் மாற்றினீர்கள் என்றேன்.

“நீங்கதான எழுதியிருந்தீக, நிறுத்தி எண்ணெ மாத்தச் சொல்லி? நிறுத்திட்டுத்தான மாத்துவோம், ஓடுற இன்ஜின்ல எவன் மாத்துவான்? தூரப் பயணம், அய்யா பயப்படுதாகன்னு நெனச்சேன்.”

நிறுத்தி என்றால் பிரேக் என்று சொன்னேன். அவர் கேனைத் தரையில் வைத்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

“அந்த ஆயில்ல நான் கைவைக்கலைய்யா. பழசுன்னா தண்ணி ஏறியிருக்கும். லோடோட எறக்கத்துல சூடேறுனா கொதிச்சுப்போகும். மிதிச்சா கால் சும்மா உள்ள போகும். தம்பி அங்கேருந்து கெளம்பிட்டாப்லயா?”

மகனின் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மகளின் எண்ணும் அவ்வாறே. குறுஞ்செய்தியாவது எட்டட்டும் என்று எழுதத் தொடங்கினேன். பழக்கத்தால் விரல் முதலில் ‘நிறுத்தி’ என்றே தட்டியது. அழித்தேன். ‘பிரேக் ஆயில் மாத்தல. கீழ எறங்காத’ என்று எழுதி அனுப்பினேன். என் வாழ்நாளில் அவ்வாறு எழுதியது அதுவே முதன்முறை.

பின்னர் இரண்டரை மணிநேரம். பழுதுபார்ப்பவர் கடைக்குத் திரும்பவில்லை; வாசற்படியிலேயே அமர்ந்து மாற்றி மாற்றி இரு எண்களையும் அழைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி ஓடிற்று. அதில் ‘மலைப்பாதை’ என்ற சொல் வந்துவிடுமோ என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். வந்ததா என்று இன்றளவும் அறியேன்.

ஒரு மணியை நெருங்கும்போது மகன் அழைத்தான். செய்தி கிடைக்குமுன்பே அவர்கள் இறங்கத் தொடங்கிவிட்டிருந்தனர். ஐந்தாவது கொண்டையூசி வளைவில் மிதி தளர்ந்து உள்ளே போயிருக்கிறது. கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து வடிகாலில் சக்கரத்தை இறக்கி நிறுத்தியிருக்கிறான். மகள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறாள். அவள் வயிற்றோடு கல் தூக்கியதை அவன் தனியே சொன்னான். அவ்வழியே போன ஒரு பேருந்தின் நடத்துநரிடம் சொல்லியனுப்பி, மலையூரிலிருந்து ஒருவரை வரவழைத்து, எண்ணெய் மாற்றி முடித்த பின்னரே தொடர்பு கிடைக்கும் இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

“மாமா ஆயில் மாத்தலையாப்பா?” என்று கேட்டான். அவன் மாமா என்றது, அருகில் தலைகுனிந்து அமர்ந்திருந்த பழுதுபார்ப்பவரை.

“அவர் நான் எழுதியதைத்தான் செய்தார்” என்றேன். மீண்டும் ஒருமுறை சொன்னேன்.

உந்துகளைப் பற்றிய என் அறிவு மிகக் குறைவு. எண்ணெயின் தன்மை குறித்தோ, மலையிறக்கத்தில் நிகழ்வது குறித்தோ இங்கே பிழைபட எழுதியிருந்தால், அறிந்தோர் தயங்காது திருத்த வேண்டுகிறேன். அவர்கள் வழங்கும் சொற்களிலேயே எழுதியனுப்பினால் போதும்.