மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்

வலது கைச் சுண்டுவிரல் மரத்துப்போனது முதலில் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. பக்கத்து மோதிர விரலிலும் பாதி மட்டும் மரத்திருந்தது. ஒரே விரலில் ஒரு பாதிக்கு உணர்ச்சி, மறுபாதிக்கு இல்லை. எல்லை எங்கே என்று பேனா முனையால் குத்திப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. உள்ளங்கையில் மைக்ரோமீட்டரைப் பிடித்துத் திருகி, இரும்பின் தடிமனை அளக்க வேண்டும். ஒருநாள் அது கையிலிருந்து நழுவி விழுந்தது. அன்றே டாக்டரிடம் போனேன்.

அவர் என் முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் விரலால் தட்டினார். சுண்டுவிரல் நுனிவரை கரண்ட் அடித்தது. கதவில் முழங்கையை இடித்துக்கொண்டால் சுர்ரென்று ஏறுமே, அதே நரம்புதான். அந்த இடத்தில் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறதாம். பிறகு ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி இழுத்தார். இடது கை விடவே இல்லை. வலது கையிலிருந்து சுலபமாக உருவிக்கொண்டு போனது. அப்போதுதான் பயம் வந்தது. நரம்பு நசுங்குகிறது, காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள், மூன்று மாதத்தில் பிடி திரும்பாவிட்டால் ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். கைத்தசை சூம்பிவிட்டால் மீட்பது கஷ்டமாம்.

பழைய எலும்பு முறிவு, கட்டி, மூட்டுத் தேய்மானம், சர்க்கரை எதுவும் இல்லை என்று சோதனைகள் சொல்லிவிட்டன. மிச்சம் இரண்டு: கையை வெகுநேரம் மடக்கி வைப்பது, முழங்கையை ஊன்றுவது. அடுத்தவன் செய்த பொருளில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவன் நான், என் குறையை விடுவேனா? தூங்கும்போது கை மடங்காமலிருக்க முழங்கையில் துண்டைச் சுற்றிக் கட்டினேன். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். ஆபீஸ் மேஜையில் கையே வைக்கவில்லை. விரல் மரத்தபடியேதான் இருந்தது.

தசராவுக்குப் பத்து நாள் லீவு. ஐந்தாம் நாள் விரலில் லேசாக உணர்ச்சி வந்தது. லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மறுபடி மரத்துவிட்டது. நான் ஓய்வு என்று நினைத்திருந்த இடமே குற்றவாளி!

லாலாகுடாவில் என் மனைவிக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ். அங்கிருந்து தொழிற்சாலைக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். எங்கள் பஸ்ஸில் சீட்டுக்கு நம்பர் கிடையாது, ஆனால் அவரவர் சீட் அவரவருக்குத்தான். மாறி உட்கார்ந்தால் பக்கத்து ஆளோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். வலப்புறம் மூன்றாவது வரிசை ஜன்னல் பதினொரு வருடமாக என்னுடையது. பக்கத்தில் ஸ்டோர்ஸில் வேலை செய்யும் மதுரைக்காரர். பஸ் கிளம்பியதும் தூங்கி, என் இடது தோளில் தலையைச் சாய்த்துவிடுவார். அந்தக் கனத்தைத் தாங்க நான் வலது முழங்கையை ஜன்னல் கம்பியில் ஊன்றிக் கன்னத்தில் கை வைத்துக்கொள்வேன்.

எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தவித்தேன். நான்காம் நாள், "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைலேருந்து நான் அந்தப் பக்க சீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "ஏண்ணே, நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?"

முழங்கைக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கழுத்தைத் தடவினார்.

"எனக்கும் ஆறு வருசமா கழுத்து பிடிச்சுக்கிட்டுத்தான்ணே கெடக்கு. உங்க தோளு ரொம்ப உசரம். எந்திரிச்சுப் போனா கோவிச்சுக்குவீகளேன்னு பேசாம இருந்தேன்."

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் நான் நடைபாதைக்கு அந்தப் பக்கம், அதை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தேன். எங்களுக்குள் என்ன சண்டை என்று பஸ்ஸே விசாரித்தது. அவர் தூங்குவதற்கு முன் தினமும் தன் செய்தித்தாளின் ஓரத்தை என்னிடம் நீட்டுவார். நான் வலது கை விரலிடுக்கில் பிடிப்பேன், அவர் இழுப்பார். வாரக்கணக்கில் அது உருவிக்கொண்டேதான் போனது. "நாளைக்குப் பாப்போம்ணே" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு காலை அவர் இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். தாள் நடுவில் கிழிந்தது.

"விடுங்கண்ணே, ராசிபலன் போச்சு!" என்று கத்தினார்.

நான் விடவில்லை.