கொக்கும் உப்பு டப்பாவும்

என் மகளைக் கட்டியவருக்குத் துறைமுகத்தில் கொக்கு என்று பெயர். நீளக் கால், நீளக் கழுத்து, போதாததற்குக் கிரேனில் வேலை. "கொக்கியை இறக்குற கொக்கு" என்று கீழே நிற்பவர்கள் கத்துவார்கள். இருபத்திரண்டு வருடம் கிரேன் உச்சியில் இருக்கும் கண்ணாடி அறைக்குள் குனிந்து பார்த்தே பெட்டிகளை ஏற்றி இறக்கியவர், ஒரு பெட்டியைக்கூட இடித்ததில்லை.

ஐம்பது வயதில் கிட்னி பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். பிரஷரும் இருந்தது, அதற்கு ஒரு மாத்திரை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். பருப்பு, முட்டை, கறியை அளவோடு சாப்பிடச் சொன்னார். அதில் குறைகிற சத்துக்கு ஈடாக அமினோ அமில மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அது சத்து மாத்திரை. சமையல் என் கையில். உப்பை அடியோடு நிறுத்தினேன்.

மூன்று மாதம் கழித்துக் கம்பெனிச் சோதனையில் பிரஷர் நூற்று எழுபது. ஆறு வாரத்தில் குறையாவிட்டால் இனிக் கிரேன் இல்லை, கேட்டில் உட்காரும் வேலைதான் என்று சொல்லிக் கீழே இறக்கிவிட்டார்கள்.

வந்தவர் நேரே அடுப்படிக்கு வந்தார்.

"அத்தை, உண்மையைச் சொல்லுங்க. பாவம் பார்த்து ஒரு சிட்டிகை போடுறீங்கதானே?"

"பாவமா, உங்க மேலயா? மாப்பிள்ளை, மூணு மாசமா நானே வைக்கோல் மாதிரி மென்னுட்டிருக்கேன்."

"பின்ன பிரஷர் எப்படி ஏறிச்சு? ஏணி வெச்சா?"

என் மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளிலிருந்து, நான் தொடக் கூடாதென்று, உப்பு டப்பா அவர் சாப்பாட்டுப் பையில் தினமும் வேலைக்குப் போய் வந்தது. பிரஷர் மட்டும் அசையவில்லை.

பத்தாம் நாள் காலையில் அவர் டம்ளரில் ஒரு மாத்திரையைப் போட்டார். புஸ்ஸென்று நுரைத்தது.

"இது என்ன? முன்னே முழுங்குனீங்களே?"

"அது யானை மாத்திரை, தொண்டையில நிக்குது. ரெண்டு மாசம் முன்னாடியே கடையில கேட்டேன், கரைச்சுக் குடிக்கிற வகை குடுத்தாங்க, வேலையிடத்துலயே குடிச்சுக்குவேன். அதே சத்துதான், ஒரு நாளைக்கு ஆறு. குடிச்சுப் பாருங்க, ஆரஞ்சு வாசம்."

ஒரு மிடறு குடித்தேன். இனித்தது. ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பாத்திரக் கறைக்கு எலுமிச்சைச் சாற்றில் நான் போடுவதும் இப்படித்தான் சீறும்.

"இதுல சோடா உப்பு இருக்கு."

"எழுத்தே படிக்கத் தெரியாது, அட்டையில இருக்கறதைச் சொல்றீங்களாக்கும்!"

"அட்டையை யார் பார்த்தா? நுரையைப் பார்த்தேன். பேர்லயே உப்பு இருக்கில்ல?"

"சோடா உப்பு உப்பாயிடுமா அத்தை? கரிக்கவே இல்லையே!"

"டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் அடுப்பைப் பத்த வெக்க மாட்டேன்."

மறுநாளே போனார். பசி.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அமினோ அமிலத்தின்மேல் குற்றமில்லை, நுரைப்பதற்காகச் சேர்த்த சோடாவில்தான் சோடியம் இருக்கிறது என்றார். ஆறு மாத்திரையையும் கூட்டினால் அவருக்கு ஒரு நாளைக்கு அனுமதித்த அளவைத் தாண்டுகிறதாம். பழைய யானை மாத்திரையையே சாப்பாட்டோடு விழுங்கச் சொன்னார். பிரஷர் மாத்திரையை மாற்றவில்லை.

ஆறாவது வாரம் நூற்று முப்பத்தாறு. திரும்ப மேலே ஏற்றினார்கள். கிட்னி குணமாகவில்லை, பாதியிலேயேதான் நிற்கிறது.

அன்று சாயங்காலம் பையிலிருந்து உப்பு டப்பாவை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"தப்புதான் அத்தை."

"என்கிட்ட எதுக்கு? மேல் தட்டுல வைங்க. இந்த வீட்டுல உங்க கைதான் அங்க எட்டும்."

வைத்தார்.