அப்பாவுக்கு எழுதிய விமான அறிக்கை

அத்தை மகளின் கல்யாணம் தூத்துக்குடியில், சனிக்கிழமை காலை. மாமா இப்போது உயிரோடு இல்லை. மணப்பெண்ணின் கையைப் பிடித்து மாதா கோயிலுக்குள் அழைத்துப் போக வேண்டியவர் என் அப்பா. ரயில் டிக்கெட் காத்திருப்புப் பட்டியலைவிட்டு நகரவில்லை. பஸ்ஸில் அவ்வளவு தூரம் அவர் முதுகு தாங்காது. மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை மதிய விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள் சுழலும் டர்போப்ராப்.

"ஃபேன் போட்ட ஏரோப்ளேன்ல நான் ஏறமாட்டேன்," என்றார் அப்பா.

ஆவடியில் ராணுவ டாங்கிகளின் தரத்தைப் பரிசோதித்தே ஓய்வுபெற்றவர் அவர். சேக்காட்டில் எங்கள் வீட்டுக்கு வரும் காஸ் சிலிண்டரைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

எனக்கு அம்பத்தூரில் வேலை. இந்த வகைப் பழைய விமானங்களை வாங்க நினைப்பவர்களுக்காகப் பராமரிப்புப் பதிவேடுகளைப் படித்து, எவ்வளவு பத்திரம், ஓட்ட என்ன செலவாகும் என்று அறிக்கை எழுதுகிறேன். அப்பாவுக்கும் ஒன்று எழுதி, வழக்கம்போல் கீழே கையெழுத்துப் போட்டேன். மூன்று கட்டங்கள்: என்ன பழுது வரலாம், அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பார்கள், மீறி வந்தால் விமானி என்ன செய்வார்.

அவர் முதல் கட்டத்தை மட்டும் படித்தார்.

"எஞ்சின் நின்னு போவும்னு நீயே எழுதிகீறே."

"ஒண்ணு நின்னா இன்னொண்ணு போதும்ப்பா. பக்கத்துக் கட்டத்துல இருக்கு பாருங்க."

"போதும்னா எதுக்கு ரெண்டு வெச்சான்? சரி, பழசுன்னு போட்டுகீறியே, புதுசு வாங்கறதுக்கு இன்னா?"

"கிட்டக்க இருக்கற ஊருக்குப் போக ஜெட்டைவிட இதுக்கு எரிபொருள் கம்மி. பழசுன்னா வாங்கற விலையும் கம்மி. ஆனா பராமரிப்புச் செலவு ஏறும், சில பார்ட்ஸ் சுலபமா கிடைக்காது."

அப்பா சமையலறைப் பக்கம் திரும்பினார். "கேட்டியா? பார்ட்ஸ் கிடைக்காதாம். நம்ம மிக்ஸி கதைதான்."

"மிக்ஸிய நீங்க ரிப்பேர் பண்ணீங்க, அதான் ஓடல," என்றார் அம்மா.

அன்று மாலை அத்தை போன் செய்தார். "நீ வரலன்னா பொண்ண நானே கூட்டினு போறேன், அண்ணே. யாராச்சும் கேட்டா, ஃபேனுக்கு பயந்துட்டாருன்னு சொல்லிக்கறேன்."

அப்பா போனை வைத்துவிட்டு என் அறிக்கையை மறுபடி எடுத்தார்.

"எங்க ஒர்க் ஷாப்ல ஒரு பழக்கம். டாங்கி ரெடின்னு கையெழுத்து போட்டவன், ட்ரையல் ஓட்டறப்போ உள்ள குந்தணும். இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான்."

"அப்ப நீயும் வா."

கல்யாணத்துக்கு வர முடியாததற்கு நான் ஐந்து காரணங்கள் எழுதி வைத்திருந்தேன். உண்மையான காரணம் அதில் இல்லை. நான் அதுவரை எந்த விமானத்திலும் ஏறியதில்லை. நாள் முழுவதும் பழுதுகளைப் படிக்கிறவளுக்கு ஏறும் ஆசையும் வந்ததில்லை. ஆனால் கையெழுத்து என்னுடையது. இரண்டு டிக்கெட் போட்டேன்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து விசிறியின் இதழ்களை எண்ணினார். "ஆறு. எல்லாம் கீது." அதன்பின் அவர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. இருக்கையின் கைப்பிடியைப் பிடித்தபடி தூத்துக்குடி வரை கண்களை மூடியிருந்தேன்.

மறுநாள் காலை மாதா கோயில் வாசலில் மணப்பெண் உள்ளே அடியெடுத்து வைக்கத் தயங்கினாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"இன்னாத்துக்கு பயப்படறே? நேத்து எங்கூட ஒரு இன்ஜினியர் வந்தா பாரு. முழு நேரமும் கண்ண மூடிகினு, 'இறங்கிட்டோமா, இறங்கிட்டோமா'ன்னு கேட்டுகினே வந்தா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பீடம் வரை சிரித்துக்கொண்டே நடந்தாள்.