அரைமணி நேரப் பெட்டி

சுனாமிக்கு அடுத்த கோடை. நான் பாலிடெக்னிக் கடைசி வருடம். அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். மதியம் அரைமணி நேரம் ஓய்வு என்பது பேச்சு. மேஸ்திரி இருபதாவது நிமிடமே விசில் ஊதிவிடுவார். நாள் முழுக்க உப்புத்தண்ணீரில் நிற்கிறவர்கள் கையில் வாட்ச் தாங்காது. அந்தத் தைரியம் அவருக்கு. லீவில் அம்மாவோடு வேலைக்குப் போன நான், பையிலிருந்த என் வாட்சில் பார்த்துக் கொதித்துப்போனேன்.

மேஸ்திரியிடமே கேட்டேன். "நாலு எழுத்து படிச்சா வாய் நீளுது பாரு" என்றார்.

வாய் வேண்டாம், ஒரு பெட்டி பேசட்டும் என்று நினைத்தேன். லேபில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப்பை ச ரி க ம பாட வைத்திருந்தேன். அதே புரோகிராமை அரைமணி நேரம் எண்ணிவிட்டு மூன்று சுரம் பாடும்படி மாற்றினேன். உடைந்த டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கர், ஒரு சோப்பு டப்பா, அவ்வளவுதான். அது பாடாமல் எழுந்திருப்பதில்லை என்று பெண்கள் எல்லோரும் முடிவெடுத்தார்கள்.

முதல் நாள் மேஸ்திரி விசில் ஊதி ஊதிச் சலித்துப்போனார். ஒருத்தியும் அசையவில்லை. டப்பா பாடியது. என் காதில்தான் ஏதோ இடறியது. லேபில் கேட்டதைவிடச் சுருதி இறங்கியிருந்தது.

திறந்து பார்த்தேன். சிப்புக்குத் துடிப்புக் கொடுக்கும் கிரிஸ்டலைப் பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸில் கேட்டதற்குக் கடைக்காரர் பதினொன்று சொச்சத்தைக் கொடுத்திருந்தார். சுரத்துக்கும் நேரத்துக்கும் அந்த ஒரே துடிப்புதான். சுரம் இறங்கினால் நேரமும் இழுக்கும். அரைமணிக்கு இரண்டரை நிமிடம் கூடுதல்.

"இருந்துட்டுப் போவட்டும் வுடுடி. அவன் தின்ன நேரத்துக்கு இது எந்த மூலைக்கு?" என்றாள் அம்மா.

நியாயம்தான். ஆனால் எங்களைத் திருடிகள் என்று சொல்ல அந்த ஆளுக்கு ஒரு வழி திறந்துவிட எனக்கு மனமில்லை. அன்று சாயங்காலமே புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய் சரியான கிரிஸ்டலை வாங்கி வந்து போட்டேன்.

அடுத்த நாள் நான் நினைத்தபடியே மேஸ்திரி வாட்சும் கையுமாக வந்து நின்றார். "நேத்து லேட்டா கத்துச்சு. இன்னிக்கி பாத்துடறேன்."

நாங்கள் சாப்பிட்டோம். அவர் நிமிடங்களைச் சத்தமாக எண்ணினார். இருபது. இருபத்தஞ்சு. முப்பது என்று அவர் வாய் திறக்கவும் டப்பா பாடவும் சரியாக இருந்தது.

அம்மா தூக்குவாளியை மூடிக்கொண்டே எழுந்தாள்.

"ஏன் மேஸ்திரி, உங்களுக்கு முப்பது வரைக்கும் எண்ணத் தெரியும்னு இத்தினி வருசமா சொல்லவே இல்லியே?"