ரேடியோவின் மேல் வைத்த விதைகள்

குற்றாலத்துப் பங்களா வேலியில் நீலமாகப் பூத்திருந்த மார்னிங் குளோரிக் கொடியைப் பார்த்து ஆசைப்பட்டு, கொஞ்சம் விதை வாங்கி வந்தேன். தோல் கெட்டி என்பதால் கல்லில் லேசாக உரசி, ஊறவைத்துத் தொட்டியில் போட்டேன். ஆனால் அது சாரல் சமயம். தென்காசியில் வெயில் தலைகாட்டவே இல்லை. விதைகள் அழுகிப்போயின.

மிச்ச விதைகளை ஈரத்துணியில் முடிந்து, கதகதப்பான இடம் தேடினேன். எங்கள் பெரிய வால்வு ரேடியோ பாடப் பாட, அதன் மேல்பலகை நன்றாகச் சூடேறும். முடிச்சை அங்கே வைத்து, துணி காயாதபடி அவ்வப்போது தண்ணீரும் தெளித்துவந்தேன்.

ஒரு சாயங்காலம் பாட்டுக் கேட்பதற்காக என் மகள் ரேடியோவின் குமிழைத் திருகினாள். "அம்மா!" என்ற அலறல் கேட்டு ஓடினேன். பிள்ளை சுவரோரம் விழுந்து கிடந்தாள். நான் தெளித்த தண்ணீர் உள்ளே இறங்கி, ரேடியோவின் குமிழிலும் மின்சாரம் பாய்ந்திருக்கிறது. என் கணவர் மெயினை அணைத்துவிட்டு அவளை மடியில் அள்ளிக்கொண்டார்.

"ஏட்டி, கண்ணத் தெறந்து பாரு. அப்பா இங்கனதான இருக்கேன்."

நல்லவேளை, சற்றுப் பொறுத்துக் கண் திறந்தாள்.

கீழே விழுந்திருந்த முடிச்சை அவிழ்த்தேன். அத்தனையும் முளைவிட்டிருந்தன. தூர எறியப் போனேன்.

"நட்டு வையி. அது என்ன செய்யும்?" என்றார் என் கணவர்.

இப்போதெல்லாம் விதை முடிச்சை அடுப்படியில், வைக்கோல் அடைத்த பானைக்குள்தான் வைக்கிறேன். ரேடியோமேல் தண்ணீர் ஊற்றிய பூச்சாடி வைத்திருக்கும் வீட்டுக்குப் போனால், அவர்கள் என்ன நினைத்தாலும் சரி, அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.